ஜெபராஜ் அண்ணனின் முதுகு

ஜெபராஜ் அண்ணனின் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் டெய்லர். பாலக்கரையில் என் அத்தா வைத்துவிட்டுப் போன கடையில் பேண்டு செட்டுக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைப்பது என் பிழைப்பு. திருச்சியில் எங்கேயாவது சிவப்புக் கோட்டும் தோளில் மஞ்சள் குஞ்சமுமாக நாலு பேர் போனால், அதில் பாதிப் பேர் கோட்டிலாவது என் ஊசி பட்டிருக்கும். அதோடு நானே அற்புதசாமி மாஸ்டரின் செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். அந்தச் செட்டுக்கு முன்னால் கோல் பிடித்து நடந்தவர் ஜெபராஜ் அண்ணன். பின்னால் வருகிற எங்களுக்கு அவர் முதுகு போகிற பக்கம்தான் வழி.

ஆள் நல்ல உயரம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து சல்யூட் அடிப்பது அவர் வேலை. அந்த உடுப்பும் நான் தைத்ததுதான். ஆக வாரம் முழுக்க ஒரு யூனிஃபார்ம், லீவு போட்டால் இன்னொரு யூனிஃபார்ம். கைலி கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் அவருக்கே ஆள் அடையாளம் தெரியாது என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் சிரிக்க மாட்டார். கோல் பிடிக்கிறவன் சிரிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. டீக்கடையில்கூட அதைக் கடைப்பிடித்தார்.

அவருக்கு வாத்தியம் எதுவும் வராது. சேர்ந்த புதிதில் மாஸ்டர் டிரம்பெட் கொடுத்துப் பார்த்தாராம். தெரு நாய்கள் பதில் சொன்னதோடு அது முடிந்தது. சிம்பல் கொடுத்தார். தட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தட்டினார். கடைசியில் உயரத்தைப் பார்த்துக் கோலைக் கையில் கொடுத்தார்கள். நெஞ்சு உயரத்துக்கு ஒரு கம்பு, அதன் தலையில் நிக்கல் பூசிய ஒரு உருண்டை. அதைப் பிடித்த நாளிலிருந்து மனுஷன் வேறு ஆளாகிவிட்டார். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே, குடியரசு தின அணிவகுப்பு, கால்பந்து ஃபைனல், மாதா தேர் என்று எங்கே போனாலும் ஜனங்கள் முதலில் பார்ப்பது அவரைத்தான். பாட்டு வராத ஒரே ஆளுக்குத்தான் கைதட்டல் முழுக்கப் போகிறது என்று எங்களுக்கு வயிற்றெரிச்சல் இல்லாமல் இல்லை.

செட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. கோல் பிடிக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் என்ன ஆனாலும் சரி, அவன் பார்வை நேராக மேடையில் இருக்க வேண்டும். பின்னால் ஒருவன் தப்பு செய்தால் அதை மறைப்பதற்கும் அதுதான் வழி. முன்னால் போகிறவன் அசையாமல் நடந்தால், தப்பு நடந்ததே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இன்னொரு சட்டம், நிறுத்துவது பற்றியது. முன்னால் கோல் மேலே எழுந்தால் பெரிய டிரம்காரன் இரண்டு அடி கொடுப்பான். அந்த இரண்டு அடி காதில் விழுந்ததும் வாத்தியம் நிற்கும், கால் நிற்கும். ஒரு அடிக்கு யாரும் நிற்க மாட்டோம். இரண்டு விழுந்துவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

அந்தப் பெரிய டிரம் மருதையிடம் இருந்தது. முசிறிக்காரன். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் குடியிருந்துகொண்டு, வாழைத்தார் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டினான். டிரம்மை மார்பில் மாட்டினால் ஆளே தெரியாது, மேலே தொப்பியும் கீழே காலும் மட்டும் தெரியும். எனக்கு நேர் பின்வரிசை அவன். ஜெபராஜ் அண்ணனுக்குப் பாட்டு வராது என்றேனே, அவர் நடந்தது முழுக்க மருதையின் அடியை நம்பித்தான். "எனக்குக் காது வேணாம் பாய், அவன் அடிக்கிறது முதுகுல தெரியும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மருதையிடம் ஒரே ஒரு குறை. நிறுத்துவதற்குக் கொடுக்கிற இரண்டு அடியில் இரண்டாவது கொஞ்சம் தாமதமாக விழும். கொஞ்சம்தான், ஒரு மூச்சு பிடித்து விடுகிற நேரம். நாங்கள் பழகிவிட்டோம். ஜெபராஜ் அண்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டுவார். ஒருநாள் மருதை அவரிடம், "நல்லாத்தானே போயிட்டு இருக்கு, அதுக்குள்ள முடிக்கணுமான்னு கை கொஞ்சம் யோசிக்குதுண்ணே" என்றான். அன்றைக்கு மட்டும் ஜெபராஜ் அண்ணன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிப்ரவரி மாதம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்தை ஒட்டி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் ஸ்போர்ட்ஸ் டே. மைதானத்தின் ஒரு பக்கம் மேடையும் பந்தலும், எதிர்ப் பக்கம் வெறும் மணலும் ஆறும். நாங்கள் முன்னால் வாசித்துக்கொண்டு போக, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று கொடி பிடித்த பிள்ளைகள் பின்னால் அணி அணியாக வர வேண்டும். மேடையில் சிறப்பு விருந்தினர் நின்று சல்யூட் வாங்கிக்கொள்வார். வருஷா வருஷம் செய்கிற வேலை.

கிளம்புகிற நேரத்தில் மருதை என்னிடம் வந்து, கழுத்துப் பட்டை இறுக்குகிறது, ஹூக்கைக் கழற்றிவிடுங்கள் என்றான். முகமெல்லாம் வேர்வை. வெயில்தான் காரணம் என்று நினைத்து ஹூக்கைக் கழற்றிவிட்டேன். இடது தோளில் டிரம் பட்டை அறுக்கிறது என்றும் சொன்னான். ஜெபராஜ் அண்ணன் அதைக் கேட்டபடியே வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவர், திறந்திருந்த கழுத்தைப் பார்த்துவிட்டார். கல்யாண வீட்டுக்கா வந்திருக்கிறாய் என்று கேட்டு, தன் கையாலேயே ஹூக்கை மாட்டி, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு முன்னால் போனார்.

மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் வளைந்து மேடைப் பக்கம் திரும்புகிற இடம். அந்த வளைவைத் தாண்டினோம். எனக்குப் பின்னால் 'டம்' என்று ஒரு அடி. கொஞ்சம் தாமதமாக இன்னொரு அடி.

மருதையின் அடியேதான். அந்தத் தாமதம்கூட அச்சு அசல் அவனுடையது. கிளாரினெட் என் உதட்டிலிருந்து தானாக இறங்கியது. எல்லா வாத்தியமும் ஒன்றாக நின்றன, எல்லாக் காலும் நின்றன, பின்னால் வந்த பிள்ளைகளும் நின்றார்கள். அத்தனை சுத்தமாக நாங்கள் எந்தப் பாட்டையும் நிறுத்தியதில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பினேன். மருதை டிரம்மின் மேல் கவிழ்ந்து கிடந்தான். விழுந்த உடம்பு டிரம்மில் ஒருமுறை பட்டு, எழும்பி, மறுபடி பட்டிருக்கிறது. அதைத்தான் நாங்கள் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தோம்.

ஜெபராஜ் அண்ணன் நிற்கவில்லை. இரண்டு அடி அவருக்கும் கேட்டது. ஆனால் அவர் கோலைத் தூக்கவில்லையே. மருதை தப்பு செய்துவிட்டான், இதோ மறுபடி ஆரம்பித்துவிடுவான், அதுவரை நான் அசையாமல் போனால் மானம் போகாது என்று நினைத்திருக்கிறார். கோலைச் சுழற்றிக்கொண்டு, முழங்கால் உயர, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியாக நடந்தார். மைக்கில் ஒரு டீச்சர் எழுதி வைத்ததை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்: "இதோ பேண்டு வாத்தியக் குழுவினர் கம்பீரமாக அணிவகுத்து வருகிறார்கள்." வந்தது ஒரே ஆள். பந்தலில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிப்பைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் விறைப்பாக நடந்து, மேடைக்கு நேராகக் கோலைத் தாழ்த்தி வணக்கம் வைத்தார். விருந்தினரும் பதிலுக்குச் சல்யூட் அடித்தார். அதற்கப்புறம் திரும்பினார். பின்னால் வெறும் மைதானம் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், காவிரிப் பாலம் முடிவதற்குள் மருதை போய்விட்டான். வண்டியில் அவன் தலை என் மடியில் இருந்தது. ஜெபராஜ் அண்ணன் மாட்டிய ஹூக்கை மறுபடி கழற்றியவன் நான்தான். மாரடைப்புக்கு ஹூக்கு என்ன செய்யும் என்று டாக்டரே பிறகு சொன்னார். அதை ஜெபராஜ் அண்ணனிடம் நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

மருதைக்குப் பதிலாக சரவணன் வந்தான். வையம்பட்டிக்காரன், லேத் பட்டறையில் வேலை, நல்ல தாளக்காரன். இரண்டு அடியும் கணக்காக விழும். செட் பழையபடி ஓடியது. ஜெபராஜ் அண்ணனும் வந்தார், நடந்தார். ஆனால் அவர் முதுகில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தையல்காரன் கண். முன்பு கோலை மார்புக்கு நேராகப் பிடிப்பவர், இப்போது கண்ணுக்கு நேராகப் பிடித்தார். தலை மேடைப் பக்கம் போகாமல் கோலின் உருண்டையிலேயே நின்றது. அந்த உருண்டையைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, நிக்கல் உரிந்து போகிற அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்.

மாதா தேர் ஒன்றில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த உருண்டையைப் பார்த்தேன். அதில் எங்கள் செட் முழுக்கத் தெரிந்தது. சின்னதாக, வளைந்து, வரிசை வரிசையாக. அவர் சட்டத்தை மீறாமல் பின்னால் பார்க்கக் கண்ணாடி செய்து வைத்திருந்தார். கடைசி வரிசையில் டிரம்மும், அதன் மேலே ஒரு தொப்பியும். அது சரவணன்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் முகம் தெரியாது, டிரம் மறைத்திருந்தது.

அடுத்த வாரம் மத்தியானத்தில் ஜவுளிக்கடைப் பக்கம் போனேன். வாசலில் ஆள் இல்லாத நேரம். ஜெபராஜ் அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் மெதுவாக, இடது வலது என்று இருந்த இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் போய்க் கையைத் தொட்டதும்தான் நிறுத்தினார். கடை மேனேஜர் ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், கால் வலியா என்று.

"கேக்குது பாய்" என்றார். "கூட்டம் இருந்தா தெரியாது. ஆளில்லாத நேரத்துல பின்னாடி வந்துடுது. நிக்கவே மாட்டேங்குது."

என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். சோதனை முடிந்து மிஷினை நிறுத்திய பிறகும் அவர் விரல் தாளமாக மேலே போய் வந்துகொண்டிருந்தது. காது பிரமாதமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கோபத்தில் நான் டாக்டரைத் திட்டினேன், பிறகு ஜெபராஜ் அண்ணனைத் திட்டினேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

மருதையின் மனைவி காளியாயியைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் மனசு அடங்கும் என்று எனக்குத் தோன்றியது. நல்லது என்று நினைத்துத்தான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். காளியாயி பூக்கட்டிக்கொண்டிருந்தது. எழுந்து டீ போட்டுக் கொடுத்தது. ஜெபராஜ் அண்ணன் ஹூக்கு விஷயத்தைச் சொல்லி அழுதார். அது ஒன்றும் கோபப்படவில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, மருதை அவரைப் பற்றி வீட்டில் பெருமையாகப் பேசியதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது.

"ஊருல யாரு சொன்னாலும் நிறுத்த மாட்டேன், ஜெபராஜ் அண்ணன் கோல் தூக்குனாத்தான் நிறுத்துவேன்னு சொல்லுவாருண்ணே. அவ்வளவு மரியாதை உங்க மேல."

ஜெபராஜ் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அதை அவர் குடிக்கவே இல்லை. திரும்பி வருகிற வழியில் காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பஸ்கள் இரைந்துகொண்டு போகிற சாயங்கால நேரம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஆற்றைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் கோல் தூக்கவே இல்ல பாய்" என்றார். "நான் தூக்காம அவன் எப்படி நிறுத்துவான்? இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கான். தோள் வலிக்குதுன்னு சொன்னவன்."

பைத்தியமா உங்களுக்கு என்று நடு ரோட்டில் கத்தினேன். செத்தவனுக்குத் தோள் வலிக்காது என்றேன். அவன் விழுந்தான், டிரம்மில் பட்டது, அவ்வளவுதான் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மஃரிப் தொழுகையில் நிற்கும்போது என் கவனம் முழுக்க என் கால் மேலேயே இருந்தது. அன்றிலிருந்து எனக்கும் பின்வரிசைச் சத்தத்தைக் கேட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். காளியாயியிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கவே கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

வருஷம் திரும்பியது. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் எங்கள் செட்டையே கூப்பிட்டார்கள். அற்புதசாமி மாஸ்டர் ஜெபராஜ் அண்ணனை என் கடைக்கு வரவழைத்து, இந்த ஒரு தடவை நீ வர வேண்டாம், வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மைதானத்துக்கு நான்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மாஸ்டர் நல்ல மனுஷன், ஆனால் போன வருஷம் ஜனங்கள் சிரித்த சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை.

"வா. ஆனா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலும் கோலைக் கீழ வெச்சிடணும். அப்புறம் எப்பவும் தொடக் கூடாது" என்றார். ஜெபராஜ் அண்ணன் சரி என்றார். அந்தக் கோல் இல்லாவிட்டால் அவர் வெறும் வாசல்காரர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

புதுக் கோட்டுக்கு அளவெடுத்தேன். ஒரு வருஷத்தில் அந்த முதுகு எவ்வளவு வற்றிப்போயிருந்தது என்பதை டேப்பு சொன்னது. குஞ்சத்தை வைத்து, தோளுக்குப் பஞ்சு வைத்து, பழைய ஆளைத் துணியால் செய்து கொடுத்தேன். கழுத்துக்கு ஹூக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அதே மைதானம், அதே பந்தல், அதே நாலு கலர் கொடி. மைக்கில் வேறு டீச்சர். கிளம்பினோம். சரவணன் கணக்காக அடித்துக்கொண்டு வந்தான். நான் வாசித்தேனே ஒழிய என்ன வாசித்தேன் என்று தெரியாது. என் கண் முழுக்க அந்த முதுகில் இருந்தது. அந்த வளைவை மட்டும் தாண்டிவிடட்டும் அல்லாஹ்வே, அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் அன்றைக்குக் கோலைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவில்லை. மார்புக்கு நேராக, பழையபடி பிடித்திருந்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சுண்ணாம்புக் கோடு வளைகிற இடம் வந்தது. ஜெபராஜ் அண்ணன் நின்றார். திரும்பினார்.

அத்தனை வருஷத்தில் வாசித்துக்கொண்டு நடக்கும்போது அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் பார்த்தார். இரண்டு கையாலும் கோலை எவ்வளவு உயரத் தூக்க முடியுமோ அவ்வளவு உயரத் தூக்கினார். உதடு அசைந்தது. வாத்தியச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. "போதும்டா" என்றுதான் சொன்னார், வேறு என்ன சொல்லியிருக்கப் போகிறார்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு அடி விழுந்தது. யாரும் நிற்கவில்லை. ஒரு அடிக்கு நாங்கள் நிற்க மாட்டோம். ஒரு மூச்சு பிடித்து விடுகிற நேரம் கழித்து இன்னொரு அடி விழுந்தது. எல்லாம் நின்றது.

பின்னால் வந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பந்தலில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மைக்கில் டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். ஆற்றுக் காற்றில் கொடிகள் படபடக்கிற சத்தம் மட்டும்தான். ஜெபராஜ் அண்ணன் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவர் காலைப் பார்த்தேன். அது அசையாமல் மண்ணில் நின்றது.

பிறகு கோலை இறக்கி, மேடையைப் பார்த்துத் திரும்பி, ஆரம்பிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மறுபடி வாசித்தோம், நடந்தோம், வணக்கம் வைத்தோம். விருந்தினர் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார். எல்லாம் முடிந்ததும் மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் அண்ணன் கோலை அவர் கையில் கொடுத்துவிட்டார். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சட்டையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார். அன்றைக்கு அந்த முதுகைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து சரவணன் என் கடைக்கு வந்தான். செட்டை விட்டு நின்றுகொள்கிறேன் என்று யூனிஃபார்மை மேஜை மேல் வைத்தான். நல்லாத்தானே அடிக்கிறாய், என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அவரு திடீர்னு திரும்பி நின்னதும் எனக்குக் கை உதறிடுச்சு பாய். ஒரு அடிதான் குடுத்தேன். ரெண்டாவதுக்குக் கை எழும்பவே இல்ல" என்றான்.

நாங்கள் கேட்ட இரண்டாவது அடி, எதிர்ப் பக்கச் சுவரில் பட்டு எதிரொலித்ததாக இருக்கும் என்று சொன்னேன். அந்தப் பக்கம் சுவர் எங்கே இருக்கிறது, கொள்ளிடம்தானே என்றான். அவன் போன பிறகு மிஷினை ஓட்டவே பயமாக இருந்தது. அதன் தடதடப்பு நிற்கிற ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு நேராக மலைக்கோட்டைக்குப் போனேன்.

ஜெபராஜ் அண்ணன் ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்தார். கால் ஆடவில்லை. இப்போது கேட்கிறதா என்று கேட்டேன். அன்றோடு நின்றுவிட்டது என்றார். நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பேச்சுக்கு நடுவே ஒருமுறை சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே கண்ணாடிக் கதவும் அதில் அவர் உருவமும்தான் இருந்தன. இப்போதெல்லாம் தெருவில் போகும்போதும் அப்படிப் பார்க்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சரவணன் சொன்னதைச் சொல்லிவிட்டேன். ஒரு அடிதான் அவன் கொடுத்தான் என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. அப்போது ஒரு குடும்பம் படியேறி வந்தது. கதவைத் திறந்து, சல்யூட் அடித்து, அவர்கள் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியும் பாய்" என்றார். "ரெண்டாவது லேட்டாத்தானே விழுந்துச்சு."